தள்ளுபடிக்குக் காத்திருந்த சடையப்பன்

திருப்புலிவனம் சடையப்பன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு கடனைத்தான் ஒழுங்காகக் கட்டினார். அதற்காகத் தன்னை அவர் மன்னிக்கவே இல்லை.

2006 பங்குனியில் நெல் விற்ற கையோடு கூட்டுறவுச் சொசைட்டிக்குப் போய்ப் பயிர்க்கடனை வட்டியோடு அடைத்தார். அடுத்து தேர்தல் வந்தது. முடிந்த சூட்டோடு, சொசைட்டிக் கடனெல்லாம் தள்ளுபடி என்று அறிவித்துவிட்டார்கள். வருஷக்கணக்கில் சொசைட்டிப் பக்கமே தலைகாட்டாத பக்கத்து நிலத்துக்காரர் சின்னராசு, டீக்கடையில் எல்லோருக்கும் மசால்வடை வாங்கிக்கொடுத்தார்.

"துன்னு சடையப்பா. நீ கட்டின காசுதான்னு வெச்சிக்கோ."

வடை உள்ளே இறங்கவில்லை. இனி கடன் என்று வாங்கினால் கட்டுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தார்.

முடிவை நிறைவேற்ற ஒரு கடன் வேண்டுமே. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஃபைனான்ஸில் தவணைக்கு பைக் எடுத்தார். மரியாதைக்கு இரண்டு தவணை கட்டிவிட்டு நிறுத்தினார். வசூலுக்கு வந்த பிரவீனுக்கு மோர் கொடுத்து உபசரித்தார்.

"அட்த்த எலெக்சன் வர்ட்டும் தம்பி. அவங்களே தள்ளிடுவாங்க. உனுக்கும் அலைச்சல் மிச்சம்."

"சார், இது பிரைவேட். தள்ளுபடிலாம் கெடையாது."

"சொசைட்டிலயும் அப்டித்தான் சொல்லிக்கினு இருந்தாங்க."

ஒன்பது மாதம் பிரவீன் மோர் குடித்தார். பத்தாவது மாதம் இரண்டு ஆட்களோடு வந்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை மறித்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். சடையப்பன் யூரியா மூட்டையோடு டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினார். மனைவி தாயாரம்மாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அபராதத்தோடு மொத்தக் கடனையும் அடைத்து வண்டியை மீட்டார்கள். அதோடு முடிந்தது என்று சடையப்பன் நினைத்தார்.

2010இல் டிராக்டர் ஆசை வந்தது. உத்திரமேரூர் பேங்க் மேனேஜர் மோகன்குமார் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பைக் லோன்ல ஒம்பது மாசம் டியூ கட்டாம விட்டிருக்கீங்களே."

"அத்த முடிச்சி ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது சார்."

"முடிச்சதும் இதுல இருக்கு, விட்டதும் இருக்கு. பேங்க், ஃபைனான்ஸ் எல்லாம் இந்தக் கணக்கை ஒரு எடத்துக்கு அனுப்புவாங்க. அவங்க மார்க் போடுவாங்க. உங்களுக்கு ஐந்நூத்தி நாப்பது."

சடையப்பன் முகம் மலர்ந்தது. "பத்தாவதுல மொத்தமே ஐந்நூறுதானே சார்? அதுக்கும் மேலயா வாங்கிக்கிறேன்?"

"இது தொள்ளாயிரத்துக்கு. எழுநூறாவது இருந்தாத்தான் ஹெட் ஆபீஸ்ல பேச முடியும்."

"இன்னா சார் பேஜாரு. இந்த மார்க்குக்குத் தள்ளுபடி எதுனா வருமா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. அன்றைக்கு இதைக் கேட்ட எத்தனையாவது ஆளோ.

அடுத்த மாதம் சின்னராசு வீட்டு வாசலில் புது டிராக்டர் மாலையோடு நின்றது. அதே பேங்க், அதே மேனேஜர். சடையப்பன் கொதித்துப்போய் ஓடினார்.

"சொசைட்டில அஞ்சு பைசா கட்டாதவனுக்குக் குடுத்துக்கிறீங்க!"

"அவர் பேர்ல ஒரு கரும்புள்ளியும் இல்லையே. தள்ளுபடி ஆன கடன் அந்தச் சொசைட்டியோட போச்சு. எங்க கம்ப்யூட்டருக்கு அது வரவே இல்லை."

சடையப்பன் திரும்பி நடந்தார். கட்டியபோதும் முட்டாள், கட்டாதபோதும் முட்டாள். இந்தத் தேசத்தில் எப்போது கட்ட வேண்டும், எப்போது கட்டக்கூடாது என்று எவன் சொல்லித் தருகிறான்? வீட்டில் அதைச் சொல்லிப் புலம்பினார்.

"தேதிக்குக் கட்டிட்டு சின்னராசு குடுத்த வடைய பாக்காம வந்திருக்கணும்," என்றார் தாயாரம்மாள்.

ஆடியில் உழவுக்கு டிராக்டர் கேட்டு சடையப்பனே சின்னராசு வீட்டுக்குப் போனார். அறுவடையில் தருகிறேன் என்றார்.

சின்னராசு சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "பேங்க்லயே உன்ன நம்பல. நான் எந்த மூலைக்கு? மணிக்கு முன்னூறு. மொதல்ல வெச்சிட்டுப் பேசு."

சடையப்பன் வைத்தார்.