தார்ப்பாய் போர்த்திய ஏசி

பத்து நாளாக எங்கள் வீட்டு ஏசி ஓடுகிறது, அறை மட்டும் குளிரவே இல்லை. எட்டு மாதக் குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு.

"நீ கதவைத் தொறந்து தொறந்து மூடுனா எப்படிக் குளிரும்?" என்றார் கணவர். அத்தையும் அதையே சொன்னார். நானும் நம்பி, குழந்தையோடு உள்ளேயே அடைந்து கிடந்தேன்.

இன்று மெக்கானிக் வந்தார். மாடிக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார்: "ஏனுங்க, இதை யாருங்க இப்படிக் கட்டி வெச்சது?"

ஏசியின் வெளிப்பெட்டியை லாரித் தார்ப்பாயால் மூடி, கயிறு போட்டு இறுக்கியிருந்தது. என் மாமனார் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர்.

"வெயில் பட்டா மிசின் சூடாயிரும்னு நாந்தான் கட்டுனேன்" என்றார், பெருமையாக.

"ஐயா, ஏசி குளிரை உண்டாக்கறது இல்லீங்க. ரூம்ல இருக்கற சூட்டை எடுத்து, இது வழியா வெளிய தள்ளுது. இதை மூடிட்டா சூடு எங்கீங்க போகும்? லாரி ரேடியேட்டருக்குத் தார்ப்பாய் கட்டுவீங்களா?"

மாமனார் முடிச்சை அவிழ்த்தார். அவர் போட்ட முடிச்சு வேறு யாருக்கும் அவிழாது.

அரை மணி நேரத்தில் அறை குளிர்ந்தது. பிள்ளை சொறியாமல் தூங்கினாள். என்னைக் குறை சொன்னதற்கு ஒருவரும் வருத்தப்படவில்லை.

இப்போது வெளியே தூறல். "நனைஞ்சா வீணாப் போயிருமே சாமி" என்று மாமனார் தார்ப்பாயோடு படியில் நிற்கிறார்.

மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். கதவை மூடியே வை என்று பத்து நாளாகச் சொன்னது இவர்கள்தானே? நீங்களே சொல்லுங்கள், நான் செய்தது தப்பா?