பிஸ்டன் சொல்லாமல் வைத்திருந்த வண்டி

அவருக்குப் பிஸ்டன் என்று பெயர் வைத்தவன் நான்தான். இஞ்சினுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் மாதிரி ஒரு நொடி சும்மா இருக்காத வாய். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மனிதர் மறு வாரமே போனில் தன் பெயரை அப்படி மாற்றிவைத்துக்கொண்டு வந்து காட்டினார். பட்டப்பெயர் வைக்கக்கூட ஆள் இல்லாமல் எத்தனை வருஷம் கிடந்தாரோ என்று அன்று எனக்குக் கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது.

எனக்குக் கார் சீட் கவர் தைக்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆனாலும் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி வைப்பேன், கார் பைத்தியங்கள் வந்துவிடும். ஒரு பல் டாக்டர், பள்ளிக்கூட வேன் ஓட்டும் டிரைவர், பிஸ்டன், நான். யாராவது ஒருவருடைய வண்டியின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றி நிற்போம். டாக்டருக்கு அழகுதான் கணக்கு. "முகம் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி போய்ப் பாருங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போற அவசரத்துல வரைஞ்சிருக்கான்" என்பார். டிரைவருக்கு இழுவை. "ஆள் ஏத்திட்டு ரெண்டாவது கியர்ல மேடு ஏறணும். ஏறலைன்னா அது வண்டியே இல்ல" என்பார். உட்கார்ந்தால் முதுகு வலிக்கக் கூடாது என்பது என் கட்சி. பிஸ்டனுக்கு எல்லாக் கட்சியிலும் உறுப்பினர் அட்டை உண்டு.

அவருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. மோதி நசுங்கிய வண்டிகளின் போட்டோக்கள் அவர் மேஜைக்கு வரும். எது அடிபட்டது, மாற்ற வேண்டுமா, தட்டி நிமிர்த்தினால் போதுமா என்று எழுத வேண்டும். இருபத்தாறு வருஷமாக உடைந்த கார்களையே பார்த்ததால் முழுக் காரின் உள்விவரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனைவி பிரிந்து போய்ப் பதினான்கு வருஷம். குழந்தை இல்லை. அவருடைய பழைய காருக்கு டிரைவர் சீட் கவரை நான் மூன்று முறை மாற்றித் தந்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. என் தொழிலில் இதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

கார் வாங்குகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள். டீசலா பெட்ரோலா, கியர் மாற்றுவதா தானாக மாறுவதா, வெள்ளையா சாம்பலா என்று பத்து நாள், பதினைந்து நாள் விடாமல் கூப்பிடுவார்கள். ஒரு நாள் சாவியைப் பிடித்தபடி ஒரு போட்டோ வரும். அதோடு சரி. காரியம் ஆகும்வரை காலைப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்? ஒருவர்கூட மறுபடி கூப்பிட்டு, "வண்டி நல்லா ஓடுது, நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதில்லை. இந்தக் குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன். என் வண்டியும் அவர் சொல்லி வாங்கியதுதான்.

இந்த நிலையில்தான் டீச்சர் வந்தார். ஓய்வு பெற்ற பூகோள டீச்சர், பல் டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டவர். கணவர் இருந்தவரை கணவர் ஓட்டினார். இப்போது அறுபத்து மூன்று வயதில் தானே ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமமும் வாங்கிவிட்டார். கார்தான் இல்லை. டாக்டர் பிஸ்டனின் நம்பரைக் கொடுத்தார். அன்று முதல் தினமும் மாலை ஏழு மணிக்கு டீச்சரின் போன்.

பிஸ்டன் ஆளே மாறிப்போனார். ஆறரைக்குள் வீட்டுக்குப் போய்விடுவார். குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்காருவாராம், போனில் பேச! ஒரு பக்கம் அச்சடித்த பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் அன்றைக்குச் சொல்ல வேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் வந்து அளப்பார்.

"டீச்சருக்கு டிசைன் அறிவு இருக்கு, முதலாளி. முன் சீட்டுக் கதவு எவ்வளவு அகலம் திறக்கும்னு கேக்கறாங்க. சீட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரம்னு கேக்கறாங்க. இத்தனை வருஷத்துல எவன் என்கிட்ட கதவு திறக்கற கோணத்தைக் கேட்டிருக்கான்?"

டாக்டர் கேலி செய்தார், டிரைவர் விசிலடித்தார். பிஸ்டனுக்கு வெட்கம் வந்து பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் போயிற்று. மூன்று மாதம் போயிற்று. டீச்சர் வாங்கியபாடில்லை. ஒரு வண்டியைச் சொன்னால் மூன்று சிலிண்டர், சிக்னலில் நிற்கும்போது அதிரும் என்றார் பிஸ்டன். இன்னொன்றைச் சொன்னால் டர்போ, மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு வீண் என்றார். டீசல் என்றால் பக்கத்திலேயே போய் வருகிறவர்களுக்கு புகை ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் என்றார். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வருஷம் புது மாடல் வருகிறது, பொறுங்கள் என்றார். ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த கள்ளத்தனம்.

மற்றவர்கள் போன பிறகு ஒரு நாள் நேராகவே கேட்டேன். "ஏம்ப்பா, அந்தம்மாவுக்கு எந்த வண்டிதான் சரி?"

யோசிக்கவே இல்லை. சின்ன வண்டி, உயரமான கூரை, நாலு சிலிண்டர் பெட்ரோல், சாதாரண கியர் என்று ஒரு மாடலைச் சொன்னார். "ரெண்டாவது வாரமே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப சொல்லித் தொலைக்கறதுதானே?"

"சொன்னா வாங்கிருவாங்களே" என்றார். "அப்புறம் எதுக்குக் கூப்பிடப் போறாங்க?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அன்றே நாலு வார்த்தை திட்டியிருக்க வேண்டும். ஆனால் ஏழு மணி போன் இல்லாத அந்த வீட்டை எனக்குத் தெரியும். ஒரு தடவை போயிருக்கிறேன். உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலி மேலிருந்த கார் பத்திரிகைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். இன்னொருவர் உட்காரும் வழக்கமே அங்கே இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

எட்டாவது மாதத்தில் போன் நின்றது. ஐந்து நாள் வரவில்லை. இவராகக் கூப்பிடக் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தவர் எந்த இஞ்சினைப் பற்றியும் பேசவில்லை. அப்போதுதான் ஒரு புதுக் கார் வந்து கடை முன்னால் நின்றது. சின்ன வண்டி, உயரமான கூரை. பிஸ்டன் என்னிடம் சொன்ன அதே மாடல். டீச்சர் இறங்கினார். முன் சீட்டில் இன்னொரு அம்மா, தலை முழுக்க நரைத்தவர், மடியில் கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பிஸ்டன் சார் யாரு?" என்று கேட்டார் டீச்சர். எட்டு மாதம் பேசியும் நேரில் பார்த்ததில்லை. "கோவிச்சுக்காதீங்க சார், உங்களைக் கேக்காமலே வாங்கிட்டேன். ஷோரூமுக்குப் போய் ஒவ்வொரு வண்டியா முன் கதவைத் திறந்து பாத்தேன். இதுதான் தாராளமாத் திறந்துது. அஞ்சு நிமிஷ வேலை."

"கதவு... கதவை எதுக்குப் பாத்தீங்க டீச்சர்?" என்றார் பிஸ்டன். எட்டு மாதத்தில் முதல்முறையாகக் கேட்டார்.

"என் தங்கச்சிக்கு இடது முட்டி மடங்காது. காலை நீட்டிட்டேதான் ஏறணும்." குரலைத் தணித்துக்கொண்டார். "ஞாபகம் போயிட்டே இருக்கு சார். ஊருக்கு வெளிய ஒரு இல்லத்துல வெச்சுப் பாத்துக்கறாங்க. எனக்கு ரெண்டு பஸ் மாறணும், மாசம் ஒரு தடவைதான் போக முடிஞ்சுது. போறப்பெல்லாம் வெளிய கூட்டிட்டுப் போ அக்கான்னு கேப்பா. வாடகை வண்டின்னா, புது ஆளைப் பாத்து மிரண்டு அழுதுருவா. அதான் நானே ஓட்டக் கத்துக்கிட்டேன்."

உள்ளே இருந்த அம்மா கண்ணாடியைத் தட்டினார். டீச்சர் கதவைத் திறந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாத்தினார்.

"டிரைவரம்மா" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக. "இங்க எதுக்கு நிக்கறீங்க? எங்கக்கா வீட்டுக்குப் போகணும். அவ தேடிட்டிருப்பா."

டாக்டர் வேறு பக்கம் பார்த்தார்.

"உங்ககிட்டப் பேச ஆரம்பிச்சப்ப அவளுக்கு என்னைத் தெரிஞ்சுது" என்றார் டீச்சர். "அதுக்கு அப்புறமும் கொஞ்ச நாள் தெரிஞ்சுது."

பிஸ்டன் வாயைத் திறந்தார். சொல்லாதே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவர் கையைப் பிடித்து அழுத்தினேன். கேட்கவில்லை.

"இந்த வண்டிதான்னு எனக்கு ரெண்டாவது வாரமே தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"தெரியும். சொன்னா நீங்க கூப்பிடறது நின்னுரும்னு... சொல்லலை."

அறைவார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால் பிஸ்டனுக்கு நல்லதாக இருந்திருக்கும். டீச்சர் காரின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. குரல் உயரவில்லை.

"வண்டியைச் சொல்லிட்டு, சும்மா தினம் கூப்பிடுங்க டீச்சர்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கூப்பிட்டிருப்பேனே சார். எனக்கு மட்டும் வீட்ல பேச யாரு இருக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். சுற்றி வந்து ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "எங்கக்கா வீடு தெரியுமா உங்களுக்கு?" என்று தங்கை கேட்டது எங்களுக்கும் கேட்டது. "தெரியும்மா. இதோ போயிடலாம்" என்று டீச்சர் வண்டியை எடுத்தார்.

கார் தெருமுனையில் திரும்பும்வரை பிஸ்டன் பார்த்துக்கொண்டே இருந்தார். "நாலு சிலிண்டர், முதலாளி. சத்தமே இல்ல பாருங்க" என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. கடைப் படியில் உட்கார்ந்து, நாங்கள் மூன்று பேர் நிற்கிறோம் என்றும் பாராமல் வாய்விட்டு அழுதார்.