மேகமில்லாத நாளில் வந்த தண்ணீர்

எங்கள் ஊர் போலகத்தில் தண்ணீர் ஏறுமா வடியுமா என்பதற்கு வானத்தைப் பார்த்தால் போதும். மேகம் கட்டினால் பயம். வெயிலடித்தால் வடிந்துவிடும். இந்தக் கணக்கைத்தான் நான் இமாசல மலைக்கும் எடுத்துப் போனேன்.

பனியை ஒருமுறை கையால் தொட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அடுத்தவர் வயல் சேற்றிலேயே நின்று என்னைப் படிக்க வைத்தவர். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மணாலியில் ஜீப்பை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டினேன். தார்ச்சாலை முடிந்த பிறகு வெறும் பாறைகள்தான், இடப்பக்கம் அதலபாதாளம். அப்பா கைப்பிடியை விடவே இல்லை.

"மெதுவாப் போ தம்பி. பனி எங்கயும் ஓடிடாது."

பனி கிடக்கும் கணவாய்க்குக் கீழே ஓர் ஓடை பாதையை அறுத்துக்கொண்டு ஓடியது. காலையிலேயே அதைத் தாண்டிவிடச் சொல்லியிருந்தார், நாங்கள் தங்கிய வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

"சாப்பிட்டுட்டே போவோம்ப்பா. வானத்தப் பாருங்க, பொட்டு மேகம் இல்ல."

அவரும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். சாப்பிட்ட பிறகும் நான் மலையைப் படமெடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வெயில்தான் மேலே பனியை உருக்கிக்கொண்டிருந்தது. ஜீப்பை இறக்கும்போது ஓடை கலங்கிப் புரண்டது. நடுவில் முன்சக்கரம் கற்களுக்குள் மாட்டிக்கொண்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றார்.

"எறங்காதீங்கப்பா!"

"நீ ரிவர்ஸப் போடு. சேத்துல மாட்டுன டிராக்டரத் தள்ளாதவனா நான்?"

முன்பக்கம் போய்த் தோள் கொடுத்தார். வண்டி கரைக்குத் திரும்பியது. துண்டால் அவர் கால்களைத் தேய்த்தேன். எங்கே தொடுகிறேன் என்றே அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் ஊருக்கு ரயில். கணவாயைப் பார்க்காமலே இறங்கினோம்.

ஊர் டீக்கடையில் ஒருவர் வம்புக்கிழுத்தார். "என்னண்ணே, பனியில நாத்து நட்டுட்டு வந்தீங்களாமே?"

"தொட்டேன்டா. காலு ரெண்டும் மரத்துப் போச்சு. எம்புள்ள கடைசி வரைக்கும் ஓட்டிட்டுப் போனான்."

"படத்தக் காட்டு தம்பி," என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஓடைக்கரையில் எடுத்த படங்கள்தான் இருந்தன. அத்தனையிலும் பளிச்சென்ற வானம். உச்சியில், வெகு தூரத்தில், ஒரு வெள்ளைக் கோடு.

"அந்தா, அங்கதான்," என்று அப்பா விரலை வைத்தார்.

நான் போனில் அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கிக் காட்டினேன்.