ஆகஸ்டு பதினைந்தில் கப்பல்கள்

ஆகஸ்டு பதினைந்து என் பிறந்தநாள். அன்று உலகமே எனக்காகக் கொண்டாடுகிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பாமல் என்ன செய்வது? விடிந்ததும் மாதா கோயிலில் மணி அடிப்பார்கள். பீடம் நிறையப் பூ வைத்திருப்பார்கள். அது மாதாவின் விண்ணேற்புத் திருநாள் என்று அம்மா சொன்னாலும், புது கவுன் போட்டிருந்தது நான்தானே!

எழுபதுகளில், எனக்கு எட்டு வயதானபோது, பூசை முடிந்ததும் அப்பா என்னைக் கடலுக்கு அழைத்துப் போனார். எங்கள் தீவின் தேக்கா சந்தையில் வாங்கும் காய்கறிகளை, தொலைவில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்கு மோட்டார் படகில் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். கரையிலிருந்து தீப்பெட்டி போலத் தெரிந்த கப்பல்கள், கிட்டப் போகப் போக எங்கள் அடுக்குமாடி வீட்டைவிட உயரமாக எழுந்து நின்றன. நான் வாயைப் பிளந்தபடி இருந்தேன்.

முதலில் ஓர் இந்தியக் கப்பல். முனையிலிருந்து முனைவரை வண்ணக் கொடிகள். தூத்துக்குடிக்காரர் ஒருவர் கூடையில் லட்டு வைத்துக் கயிற்றில் இறக்கினார்.

“எடுத்துக்கோ பாப்பா! இன்னைக்கு நமக்குச் சுதந்திர தினம்லா!”

அடுத்தது கொரியக் கப்பல். மேல்தளத்தில் ஆட்கள் தோளோடு தோள் சேர்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

“இவங்களுக்கும் விடுதலை நாளாப்பா?”

“ஆமாம்மா. ஜப்பான்காரன் கையிலேர்ந்து.”

கடைசி மூட்டைகள் ஒரு ஜப்பான் கப்பலுக்கு. அந்தக் கப்பல்களுக்கு எப்போதும் சித்தப்பாதான் போவார். அன்று அவருக்குக் காய்ச்சல். நாங்கள் நெருங்கியபோது அங்கே பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அவர்கள் ஊரில் அப்போது நண்பகலாம். தளத்தில் எல்லோரும் வரிசையாகத் தலைகுனிந்து நின்றார்கள். அத்தனை பெரிய கப்பல் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. அப்பா இன்ஜினை நிறுத்தினார். படகின் அடியில் தண்ணீர் தட்டுவது மட்டும் கேட்டது.

“ஏம்பா இப்படி நிக்கிறாங்க?” என்று கிசுகிசுத்தேன்.

“இன்னைக்குத்தான் அவங்க சண்டையில தோத்த நாள். செத்தவங்கள நெனைக்கிறாங்க.”

“நம்ம பெரியப்பாவும் சண்டையிலதான செத்தாங்க?”

அப்பா கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். “சண்டையில இல்லம்மா. சயாமுக்கு ரயில் போட இவங்க புடிச்சிட்டுப் போனாங்க. திரும்பி வரல.”

ஒரே நாள், ஒரே கடல். அங்கே லட்டு, இங்கே பாட்டு, இதோ இந்த மௌனம். நாள் என்பது இவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

வரிசை கலைந்ததும், நரைத்த தலையுடன் ஒரு கிழவர் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார். அப்பாவைவிட மூத்தவர், கப்பல் சமையற்காரர் போலும், ஏப்ரன் கட்டியிருந்தார். இன்ஜினை நிறுத்திக் காத்திருந்த அப்பாவைக் கண்டதும், இடுப்புவரை வளைந்து வணங்கினார். நிமிர அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அப்பா கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். பிறகு மெல்ல, மிக மெல்ல, தலையைத் தாழ்த்தினார். மூட்டைகளை ஒவ்வொன்றாக மேலே அனுப்பினார்.

புறப்படும்போது எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து இன்ஜின் கைப்பிடியைச் சுற்றினார். அது கைநழுவியது. மறுபடி சுற்றினார்; மறுபடி நழுவியது. அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன. இன்ஜின் பழுதாகிவிட்டது, எப்படி வீடு போய்ச் சேரப் போகிறோம் என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.