நலங்குக் கிண்ணத்தில் சீரம்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மகளின் முகமோ தணலாகக் கிடந்தது. பார்லரில் மணப்பெண் பளபளப்பு என்று எதையோ தடவி, உரித்து அனுப்பியிருந்தார்கள். கன்னம் இரண்டும் சிவந்து, தோல் செதில் செதிலாக எழும்பி, பச்சைத் தண்ணீர் பட்டாலே பல்லைக் கடித்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடைப் பெண் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். "மேக்கப் வேணாம், எலுமிச்சை வேணாம், மஞ்சள் சுத்தமா வேணாம்க்கா. இந்த சீரம் மட்டும். முகம் ஈரமா இருக்கும்போதே ஒத்தி விடுங்க, தேய்க்காதீங்க. தோல் தன் சுவரைத் தானே கட்டிக்கும்."

தானே கட்டிக்கொள்ளும். கிள்ளான் வரை ரயிலில் அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன், மந்திரம் மாதிரி.

காலையும் மாலையும் காற்றாடிக்குக் கீழே அவள் கண்ணை மூடி உட்காருவாள். நான் ஒத்துவேன். தேய்த்தே பழகிய கை இது. பாத்திரம் தேய்த்த கை, சட்டைக் காலர் தேய்த்த கை, இவளையே சின்னப் பிள்ளையில் எண்ணெய் வைத்துத் தேய்த்த கை. அதற்கு ஒத்தக் கற்றுக்கொடுப்பது லேசாக இல்லை. ஆனாலும் சிவப்பு பின்வாங்கியது, அலை வடிகிற மாதிரி, அவசரமே இல்லாமல். வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்று சொன்னாள்: "மா, எரியல."

அன்று சாயங்காலம் நலங்கு.

என் வீட்டுக்காரரின் அக்காவிடம் முன்கூட்டியே கெஞ்சினேன். "அண்ணி, முகத்துக்கு மட்டும் மஞ்சள் வேணாம். கைல, கால்ல வைங்க."

"அத்தைக்காரி நான் கால்ல வெச்சிட்டுப் போறதா? நல்லா இருக்கு நியாயம்!" என்றார். பிறகு குரல் இறங்கியது. "சரி, அவளுக்கு ஒத்துக்கிற மருந்து எது? குடு, பாக்குறேன்."

படித்துப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று கொடுத்தேன். வாசலில் கார் சத்தம். சம்பந்தி வீட்டாரை வரவேற்கப் போனேன். திரும்பி வந்தால், மஞ்சள் கிண்ணத்தின் மேல் சீரம் பாட்டில் தலைகீழாக நிற்கிறது. கடைசிச் சொட்டுக்காக அண்ணி அதன் பின்னால் தட்டுகிறார்.

"சபார்லா, பொறுமையா இரு! அவ மருந்தையே கலந்துட்டேன். இனிமே எப்படி எரியும்?"

அந்த முகத்தில் அவ்வளவு பிரியம். வம்புக்குச் செய்திருந்தால் நானும் வாயைத் திறந்திருப்பேன். பிரியத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

"சீரம் நலங்கா? எனக்கும் கொஞ்சம் பூசுங்க, என் வீட்டுக்காரர் அடையாளம் தெரியாம முழிக்கட்டும்!" என்றார் சம்பந்தியம்மா. கூடம் சிரித்தது. அண்ணி கிண்ணத்தைக் கையில் எடுத்தாயிற்று. எடுத்த பிறகு வேண்டாம் என்று சொன்னால் ஆகாது என்பார்கள். பலகையில் இருந்த மகள் என்னைப் பார்த்தாள். லேசாகத் தலையசைத்தாள். விடும்மா.

அண்ணி கன்னத்தில் அழுத்தித் தேய்த்தார், கீழிருந்து மேலாக, மனசாரத் தேய்த்தார். அடுத்து சம்பந்தியம்மா. அடுத்தடுத்து எத்தனையோ கைகள், எல்லாம் வாழ்த்துகிற கைகள். மஞ்சளுக்கு அடியில் சிவப்பு ஏறுவது எனக்கு மட்டும் தெரிந்தது.

கடைசியில் என் முறை. விரலில் மஞ்சளைத் தொட்டு அவள் கன்னத்தில் ஒத்தினேன். தேய்க்கவில்லை. என்னால் ஆனது அவ்வளவுதான்.

உதடு அசையாமல் சொன்னாள்: "எரியுது மா."

"அம்மாவும் பொண்ணும் இங்க பாருங்க, சிரிங்க!" போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாரோ கூப்பிட்டார்கள்.

சிரித்தோம்.