மஞ்சளாகாத மூன்று குழிகள்

அந்த ஆய்வுக்கூடத்தில் டாக்டரம்மா முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐம்பது வயது, தனிக்கட்டை. அப்படிக் கூப்பிட உரிமையுள்ள ஒரே ஒருவன் மட்டும் பதினாறு வருஷமாக அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பாவுக்குக் கணையத்தில் புற்று என்ற ரிப்போர்ட்டை முதலில் படித்தவள் அவள்தான். தம்பிக்கு ஐந்து வாரத்தில் கல்யாணம். நல்ல காரியம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். கல்யாணம் முடிந்து அவன் வெளியூர் போய்த் திரும்பிய நான்காம் நாள் அப்பா போய்விட்டார். "தெரிஞ்சும் சொல்லாம இருந்துட்ட" என்றான் தம்பி. அதோடு வீட்டை மாற்றினான், போன் நம்பரை மாற்றினான், அக்காவைத் தலைமுழுகினான்.

அவளுடைய வேலை இதுதான். ரத்தப் புற்று நோயாளியின் புற்றுசெல்களைத் தட்டில் உள்ள சின்னஞ்சிறு குழிகளில் விட்டு, பக்கத்திலேயே நல்ல ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களையும் விடுவாள். உடம்புக்குக் காவலிருக்கும் டி செல் சந்தேகப் பிராணி. எதிரே வரும் செல்லின் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும். அங்கே துருத்தி நிற்கும் மூலக்கூறுகள் நம்மவருடையவை என்றால் கப்சிப். அந்நியம் என்றால் சைட்டோகைன் என்னும் ரசாயனத்தைக் கக்கி ஊரைக் கூட்டும். அந்தக் கூச்சலை அளக்க ஒரு மருந்து உண்டு. கூச்சல் இருந்தால் குழி மஞ்சளாகும். நோயாளியின் சொந்த டி செல்கள் பெரும்பாலும் வாயே திறக்காது. புற்று நம்மவர் வேஷம் போட்டு அவற்றை ஏமாற்றிவிடும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க அடுத்தவர் ரத்தம் வேண்டும். எட்டு வருஷமாக அந்த அடுத்தவர் அக்காதான். திங்கள்தோறும் கையை நீட்டிவிடுவாள். அவள் செல்களுக்கு வாய் அதிகம் என்று டாக்டரம்மா கிண்டல் செய்வதுண்டு.

அந்தத் திங்கட்கிழமை முப்பத்தொன்றாம் எண் நோயாளியின் மூன்று குழிகள் மட்டும் தண்ணீர் போல இருந்தன. மருந்து விட மறந்துவிட்டேனோ என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி செய்தாள். அதே கதை. முப்பதாம் எண்ணோடு அவள் செல்கள் சண்டைக்கு நின்றன. முப்பத்தொன்றோடு, அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கும் ஆய்வுக்கூட டிரைவரின் செல்களைச் சேர்த்தால் குழி பளிச்சென்று மஞ்சளானது. அவளும் அந்த எண்ணும் சந்தித்த இடத்தில்தான் சத்தமே இல்லை.

ஒரே வயிற்றில் பிறந்தவர்களிலேயே நாலில் ஒரு பங்குதான் இப்படிப் பொருந்த வாய்ப்பு. வெளியாள் பொருந்துவது அபூர்வம். குப்பியோடு வந்த சீட்டை எடுத்தாள். பெயர் இருக்காது, நோயாளி வாயால் சொல்வதை நர்ஸ் எழுதும் சில வரிகள் மட்டும் இருக்கும். ஆண். நாற்பத்திரண்டு வயது. மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குக் காத்திருக்கிறார். உடன்பிறந்தோர்: இல்லை.

தம்பிக்கும் நாற்பத்திரண்டுதான்.

எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடக் கூடாது என்பது கூடத்தின் சட்டம். அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"முப்பத்தொண்ணு என் தம்பியா இருக்கலாம், டாக்டரம்மா."

தற்செயலாகவும் பொருந்தலாம், தேடிப் போவது தப்பு என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

"நான் தேடிப் போகல. வார்டு டாக்டர்கிட்ட நீங்க சொல்லுங்க. அவன் இல்லன்னாலும் பரவாயில்ல, யாரா இருந்தாலும் குடுக்கறேன். தெரிஞ்சும் சொல்லாம இருந்து ஒரு தடவ பட்டது போதும்."

முறைப்படி பரிசோதித்தார்கள். அச்சாகப் பொருந்தியது. தம்பியேதான். அவன் சம்மதித்துவிட்டான் என்று டாக்டரம்மா வந்து சொன்னார்.

"வேற ஏதாவது சொன்னானா?"

டாக்டரம்மா மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "குடுக்கறத வாங்கிக்கறேன், அவ வர வேண்டாம்னு சொன்னாராம்."

அக்கா தலையாட்டினாள். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவனுடைய கெட்ட மஜ்ஜையை ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில் மருந்து கொடுத்து அழித்தார்கள். மூன்றாம் மாடியில் அவள் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜை ஒரு பையில் லிப்ட் ஏறிப் போனது. மறுநாள் அவளைப் பார்க்க யாருமில்லை. தம்பியைப் போய்ப் பார்க்கவில்லையா என்று நர்ஸ் கேட்டாள். கிருமி ஒட்டிக்குமாம் என்று அக்கா கூசாமல் பொய் சொன்னாள். தானே பையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி வீட்டுக்குப் போனாள்.

மூன்று மாதம் கழித்து முப்பத்தொன்றாம் எண் மறுபடி அவள் மேஜைக்கு வந்தது. அவன் ரத்தத்தில் இப்போது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பெண் செல்கள். எல்லாம் அவளுடையவை. அவளை வர வேண்டாம் என்றவன் உடம்பில் அவை குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தன. புற்றுசெல் ஒன்றுகூடத் தென்படவில்லை.

ஒப்பீட்டுக்கு வழக்கம்போல அவள் ரத்தம்தானே என்று டாக்டரம்மா கேட்டார்.

"இவனுக்கு என்னுது வேண்டாம். அங்க ஏற்கெனவே நான்தான் இருக்கேன்."

டிரைவரைக் கூப்பிட அவர் வெளியே போனார். அக்கா குப்பியின் புதுச் சீட்டைப் பிரித்தாள். ஆண். நாற்பத்திரண்டு வயது. அதற்குக் கீழே உடன்பிறந்தோர் என்ற வரியில் 'ஒருவர்' என்று எழுதியிருந்தது.

யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. கூடத்தில் ஆளில்லை.

"அக்கா, சாப்பிட வரலையா?" என்று வராந்தாவிலிருந்து யாரோ கேட்டார்கள்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள்.