கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஒரு பூநார்

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காயத்ரி திண்டிவனம் அச்சகத்தை விட்டுப் போனாள். அவளுக்கு விழுப்புரத்தில் கல்யாணம். அங்கே கிருஷ்ணவேணி கணினியில் அடிக்கும் அழைப்புப் பத்திரிகைகளுக்கெல்லாம் பிழை பார்த்தவள் அவள்தான். "நான் இல்லாம அசால்ட்டா இருந்துடாதக்கா," என்று சிரித்தபடியே பஸ் ஏறினாள்.

அடுத்த வாரமே ஒரு காதணி விழாப் பத்திரிகையில் பதினாறாம் தேதி பதினெட்டாகிவிட்டது. அச்சடித்த கட்டு முழுவதும் குப்பைக்குப் போயிற்று. முதலாளி மாசிலாமணி கத்தவில்லை. "இன்னொருவாட்டி இப்படி ஆச்சுன்னா வேற ஆளு பாத்துக்குறேம்மா," என்றார். கத்தியிருந்தாலே தேவலாம் என்றிருந்தது கிருஷ்ணவேணிக்கு.

தப்பு விரலில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு என்று இரண்டு பாகமுள்ள கண்ணாடி அவளுடையது. மானிட்டரோ சிபியூவின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. கீழ்ப்பாகம் வழியாக அதைப் பார்க்க, நாளெல்லாம் மோவாயைத் தூக்கியே வைத்திருப்பாள். "இந்தம்மாவுக்கு இன்னா திமிரு பாரு," என்று வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். சாயங்காலம் கழுத்து கல்லாகும், எழுத்துகள் கலங்கும்.

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் அனுஷாவிடம் போனாள்.

"நீல வெளிச்சத்த தடுக்கிற கண்ணாடி போட்டா சரியாப்பூடும்ன்றாங்களே?"

"கலரு கெடக்கட்டும்க்கா. ஒங்க கண்ணுக்கும் ஸ்கிரீனுக்கும் எவ்ளோ தூரம்? புக்கு படிக்கிறதவிட தள்ளி இருக்குமே. அளந்துக்கினு வாங்க."

மறுநாள் வாசலில் இருந்த பூக்காரம்மாவிடம் கொஞ்சம் நார் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "சார், மொதல்ல இத்த கீழ எறக்கி வையுங்க." மாசிலாமணி மானிட்டரை மேஜையில் இறக்கி வைத்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, நாரின் ஒரு நுனியைத் திரையில் வைத்து, கண்ணருகே வந்த இடத்தில் முடிச்சுப் போட்டாள்.

"இன்னாம்மா, மானிட்டருக்கு மாலை போடுறியா?"

"போட்டாத்தான் வரம் குடுக்கும்போல சார்."

அன்று சாயங்காலம் கடையில் அனுஷா அந்த நாரின் நீளத்துக்கே எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒன்றில் எழுத்துகள் ஆடாமல் நின்றன. மோவாய் தானாகத் தாழ்ந்தது.

"இது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். ரோட்டுல போறப்ப பழசையே போட்டுக்குங்க."

அதன்பிறகு தன் பிழையைத் தானே பார்த்துக்கொண்டாள். எந்தக் கட்டும் குப்பைக்குப் போகவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் காயத்ரியிடமிருந்து மொபைலில் செய்தி வந்தது:

"அக்கா, என் வளைகாப்புப் பத்திரிகை நீதான் அடிக்கணும். எனக்கு ப்ரூஃப் அனுப்பாத. நீ பாத்தா போதும், அப்படியே அச்சுக்குப் போட்டுடு."